கரடிக்கல்லும் பெங்களூரும்

பன்னேருகட்டா தேசியப் பூங்காவின் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் ராகிஹள்ளிப் பகுதியில் 'கரடிக்கல்' என்றொரு பெயரைக் காண்பார்கள். காட்டுயிர் ஆய்வுகளில் இப்பெயர் பெரும்பாலும் யானைகளோடு சேர்ந்தே வருகிறது. பூங்காவின் இரு காட்டுப் பகுதிகளை இணைக்கும் குறுகலான யானை வழித்தடத்துக்குக் 'கரடிக்கல்–மாதேஸ்வரா வழித்தடம்' என்பதே பெயர். யானை நடக்கும் பாதைக்குக் கரடியின் பெயர் வாய்த்திருக்கிறது. பெங்களூரின் தென் விளிம்பில் இருக்கும் இவ்வூரிலிருந்து வெகு தொலைவில், ஹம்பிக்கு அருகேயுள்ள தரோஜி கரடிகள் சரணாலயத்தில், பார்வையாளர்கள் ஏறி நின்று கரடிகளைக் காணும் கோபுரம் அமைந்த குன்றுக்கும் 'கரடிக்கல்லு குட்டா' என்றே பெயர். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் மதுரைக்கு அருகே கரடிப்பட்டி, கோவைப் பகுதியில் கரடிமடை, பல்லடத்துக்கு அருகே கரடிவாவி, கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரடிச்சித்தூர் என்று பட்டியல் நீள்கிறது.

இப்பெயர்களையெல்லாம் வைத்துக்கொண்டு 'ஒரு காலத்தில் இங்கெல்லாம் கரடி இருந்தது' என்று முடிவுகட்டிவிடும் ஆசை எழுவது இயல்பு. இடப்பெயராய்வில் இத்தகைய ஆசைக்குக் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. காரணம், 'கரடி'க்குப் பக்கத்திலேயே 'கரடு' நிற்கிறது. கரடு என்றால் சொரசொரப்பு, மேடுபள்ளம். கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் பாறைகள் துருத்தி நிற்கும் சிறு குன்றைக் கரடு என்றே மக்கள் சொல்கிறார்கள். கன்னடத்திலும் 'கரடு' உண்டு. அங்கே அது கரடுமுரடானதைக் குறிப்பதோடு, திருத்தப்படாத முதற்படியையும் குறிக்கும். ஆக, கரடிப்பட்டி என்பது கரடி உலவிய பட்டியா, கரட்டை ஒட்டிய பட்டியா என்பதைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் ஊருக்கும் பழைய ஆவண வடிவம் தேடித்தான் தீர வேண்டும்.

ஆனால் இந்தக் குழப்பமே ஓர் உண்மையையும் காட்டுகிறது. கரட்டைத் தேடிப் போனால் அங்கே கரடி இருக்கும். தென்னிந்தியக் கரடி அடர்ந்த மழைக்காட்டை மட்டும் நம்பி வாழும் விலங்கன்று. பாறைக் குகைகள், முட்புதர், கரையான் புற்று, அத்தி, இலந்தை, நாவல், கொன்றை ஆகியவை இருக்கும் வறண்ட குன்றுகளே அதற்குப் போதும். பகலில் பாறை இடுக்கின் குளிர்ச்சியில் கிடந்து, பொழுது சாய்ந்ததும் இறங்கும். பெங்களூரைச் சூழ்ந்து தும்கூர், ராமநகரம், மாகடி, கனகபுரம், ஓசூர், கிருஷ்ணகிரி வரை விரிந்து கிடக்கும் கருங்கற் குன்றுத் தொடர் இதற்கு ஏற்ற நிலம். சாவனதுர்க்கத்தையும் ராமதேவர பெட்டாவையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஷோலே' திரைப்படத்தில் கொள்ளையர்கள் பதுங்கிய பாறைகள் ராமநகரத்துப் பாறைகளே. அவற்றின் உண்மையான குடிகள் கழுகுகளும் கரடிகளும்.

சொல்லின் வரலாறும் கவனிக்கத்தக்கது. சங்கப் பாடல்களில் கரடிக்குப் பெருவழக்கான பெயர் 'எண்கு'. 'உளியம்' என்பதும் உண்டு. எண்கின் உறவுச்சொல்லைத் தெலுங்கில் 'எலுகு', 'எலுகுபண்ட்டி' என்ற வடிவங்களில் இன்றும் கேட்கலாம். தமிழோ எண்கை நூலுக்குள் விட்டுவிட்டு, கன்னடம், துளு, குடகு, மலையாளம் ஆகியவற்றோடு சேர்ந்து 'கரடி'யை ஏற்றுக்கொண்டது. பெங்களூரின் சந்தைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயிலிருந்து புறப்படுவதை நாள்தோறும் கேட்கலாம். அங்கே கரடியின் பெயரில் மட்டும் தமிழும் கன்னடமும் ஒருபுறமும், தெலுங்கு மறுபுறமும் நிற்கின்றன. இந்தப் பிரிவு எப்போது நேர்ந்தது, பழம்பெயர் ஏன் ஒதுங்கியது என்பவை தனி ஆய்வுக்குரியவை. அஞ்சத்தக்க விலங்கின் பெயரைச் சொல்லாமல் அதன் தோற்றத்தை வைத்து அழைக்கும் வழக்கம் உலக மொழிகள் பலவற்றில் உண்டு. ஆங்கிலம், செருமானியம் போன்ற மொழிகளில் கரடிக்குரிய சொல்லே 'பழுப்பு நிறத்தது' என்ற பொருளில் தோன்றியது என்பது ஒப்பிலக்கணத்தார் பலரும் கொண்ட கருத்து. உருசிய மொழியில் அது 'தேனுண்பது'. கரடு போன்ற மயிர்த்தோலால் கரடி பெயர் பெற்றிருந்தால், தமிழும் கன்னடமும் அதே வழியில் நடந்தன என்று கருத இடமுண்டு. இது கருதுகோள்தான், முடிவன்று.

அகநானூற்றின் எட்டாம் பாடலில் பெருங்குன்றூர் கிழார் காட்டும் கரடியை உயிரியலார் யாரும் குறை சொல்ல முடியாது. மழைக்குப் பின் ஈரமாயிருக்கும் ஈயற்புற்றைப் பெரிய கைகளால் பிளந்து, உள்ளிருக்கும் குரும்பியை உண்ணும் ஆண்கரடி அது. புற்றுக்குள் இருக்கும் பாம்பு அதன் கூர்நகத்தில் அகப்பட்டு வலிமை இழக்கிறது. குரும்பி என்பது கரையான் புற்றுக்குள் இருக்கும் கூட்டுப் பொருள். இன்றைய தமிழில் அதற்கு ஒற்றைச்சொல் இல்லாமற் போனது, புற்றை நாம் எவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. பாலைப் பாடல்களில் எண்கு இருப்பை மரத்தடியில் உதிர்ந்த பூவை மேய்கிறது. இரண்டு வகைப் பாடல்களிலும் கரடி வழியில் எதிர்ப்படும் ஏதம். தலைவன் இரவில் வரும் பாதையில் அது இருக்கிறது என்பதே தலைவியின் கவலை. கரடி ஊருக்குள் வந்ததாக அப்பாடல் சொல்லவில்லை. மனிதன் அதன் நேரத்தில், அதன் வழியில் நடக்கிறான் என்கிறது. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

ஐரோப்பிய அறிவியல் இவ்விலங்கைக் கண்டபோது பெரிய தடுமாற்றம் நேர்ந்தது. 1791இல் ஜார்ஜ் ஷா அதன் நீண்ட நகங்களையும் மேல்தாடையின் நடுவே வெட்டுப்பற்கள் இல்லாததையும் கண்டு, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும் தேவாங்கு போன்ற சோம்பல் விலங்கின் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். பிறகு தவறு தெரிந்து இனம் மாற்றினார்கள். ஆங்கிலப் பொதுப்பெயரில் மட்டும் 'சோம்பல்' ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே பெயர்த்துச் 'சோம்பற்கரடி' என்று சில தமிழ்க் கட்டுரைகள் எழுதுவது, இருநூறு ஆண்டுப் பழைய தவறுக்குத் தமிழில் வீடு கட்டிக் கொடுப்பதாகும். பல் இல்லாத இடைவெளி சோம்பலின் அடையாளமன்று. மூக்குத்துளைகளை மூடிக்கொண்டு, உதடுகளைக் குழல்போல் குவித்து, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி எடுக்கும் கருவி அது. உறிஞ்சும் ஓசை தொலைவுவரை கேட்கும். வேட்டைக்காரர்கள் அந்த ஓசையைக் கேட்டே அதன் இடத்தை அறிந்தார்கள். 'தேன்கரடி' என்ற வழக்கு விலங்கியல் பேரினப் பெயரின் பொருளுக்கும் பொருந்துகிறது, விலங்குக்கும் பொருந்துகிறது.

பெங்களூர்வாசிகள் கரடியை அறிந்த விதத்தில் கென்னத் ஆண்டர்சனுக்குப் பெரும் பங்குண்டு. 1910 முதல் 1974 வரை வாழ்ந்த அவர் பெங்களூரையே இருப்பிடமாகக் கொண்டு வேட்டைக் கதைகள் எழுதியவர். 1957இல் வெளியான அவரது நூலொன்றில் 'மைசூரின் கருங்கரடி' என்ற கட்டுரை இருக்கிறது. அரசிகெரே வட்டாரத்தில் பன்னிரண்டு பேரைக் கொன்று, மேலும் பலரின் முகத்தைச் சிதைத்த கரடியை அவர் சுட்ட கதை அது. அதில் வேட்டையைவிடச் சூழல்தான் படிக்கத்தக்கது. சாலையோரத் தர்கா ஒன்றின் அருகே அத்தி மரங்கள் நிற்கின்றன. உதிர்ந்த பழத்துக்காகக் கரடி இரவில் வருகிறது. தர்காவின் காவலர் குடும்பத்து இளைஞர் இரவில் வெளியே வந்தபோது எதிர்ப்பட்டு உயிரிழக்கிறார். மரமும் மனித வீடும் கரடியின் பாதையும் ஒரே இடத்தில் சந்தித்த கணம் அது. அந்தக் கரடி ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு மக்களிடையே உலவிய கதைகளையும் ஆண்டர்சன் குறித்து வைத்தார். குட்டியைப் பறிகொடுத்த தாய் என்றது ஒரு கதை. பெண்ணொருத்தியைத் தூக்கிச் சென்று, பிறகு அவளை இழந்த ஆண்கரடி என்றது மற்றொன்று. பெண்ணைக் கவரும் கரடி என்பது இந்தியா முழுதும் உலவும் கதைக்கரு. காரணம் தெரியாத வன்முறைக்கு மனிதக் காரணம் ஒன்றைத் தேடித் தரும் பழக்கம் அது.

அதே ஆண்டர்சனின் இன்னொரு கரடி வேறு முகம் கொண்டது. மைசூருக்கு அருகே கரும்புத் தோட்டத்தில் தாய்க்கரடி சுடப்பட, அதன் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்த கதை. எலி மருந்தைத் தின்று பிழைத்தது, வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது, பெரிதானதும் மைசூர் மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பப்பட்டது, பிரிவாற்றாமல் வாடியது என்று போகும் அக்கதை, தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. இந்திய நகரத்துப் பிள்ளைகளில் பெரும் பகுதியினருக்குக் கரடி என்றால் இந்தப் பாடத்துக் குட்டிதான். அதன் தாயைச் சுட்ட குண்டு கதையில் சில வரிகளில் கடந்துபோகிறது. கரும்புத் தோட்டம் எப்படிக் கரடியின் வழியில் வந்தது என்ற கேள்வி பாடப் பயிற்சி வினாக்களில் இல்லை.

நகரத்துக்குள் கரடி உண்மையாகவே வந்த இன்னொரு வழி உண்டு. அது நடந்து வரவில்லை, கயிற்றில் இழுத்து வரப்பட்டது. கலந்தர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரடி வித்தை காட்டிப் பிழைத்தவர்கள். குட்டியாக இருக்கும்போதே மூக்கின்மேல் துளையிட்டுக் கயிறு கோத்து, கோரைப்பற்களைப் பிடுங்கி, அடிக்கு அஞ்சிக் காலைத் தூக்கப் பழக்குவார்கள். கால் தூக்குவதை நடனம் என்றது ஊர். தமிழகத் தெருக்களிலும் கரடிக்காரன் வந்தால் குழந்தைகளுக்குப் பயம் தெளியவேண்டி அதன் முதுகில் ஏற்றுவதும், மயிரை வாங்கித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதும் வழக்கமாயிருந்தன. பயத்தைத் தரும் விலங்கின் மயிரே பயத்துக்கு மருந்து.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் இத்தொழில் தொடர்ந்தது. 1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதைத் தடைசெய்தது. கர்நாடக வனத்துறையோடு சேர்ந்து 'வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ்' அமைப்பு 2005இல் பன்னேருகட்டாவில் கரடி மீட்பு மையத்தைத் தொடங்கியது. 2009 டிசம்பரில் ராஜு என்ற கரடியின் மூக்குக்கயிறு அங்கே அறுக்கப்பட்டபோது, இந்தியாவின் கடைசி நடனக் கரடி அது என்று அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டுகள் நீண்ட ஒரு வழக்கத்தின் முடிவு பெங்களூரின் விளிம்பில் நிகழ்ந்தது என்பது நகர வரலாற்று நூல்களில் இடம்பெறவேண்டிய செய்தி. கரடியை ஒப்படைத்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான உதவியும் பிள்ளைகளின் கல்விக்கான உதவியும் இத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தன. அப்படி இல்லாதிருந்தால் ஒப்படைப்பு நடந்திருக்காது. கொடுமையை ஒழித்த கதையாக மட்டும் இதைச் சொல்பவர்கள், கரடியோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்த மனிதர்களின் வறுமையை விட்டுவிடுகிறார்கள்.

கயிற்றுக் கரடி மறைந்த அதே காலத்தில் நகரம் குன்றுகளை நோக்கி நகர்ந்தது. 2001இல் சுமார் 57 லட்சமாக இருந்த பெங்களூர் மாநகரத் திரளின் மக்கள்தொகை 2011இல் சுமார் 85 லட்சமாயிற்று. வீட்டுக்கும் சாலைக்கும் வேண்டிய கல் அந்தக் குன்றுகளிலிருந்தே வந்தது. கல்லுடைக்கும் இடம் ஒவ்வொன்றும் கரடிக்குப் பகல் நேர வீடு ஒன்றின் இழப்பு. 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னேருகட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலமாக 2016இன் வரைவு அறிவிக்கையில் சுமார் 269 சதுர கிலோமீட்டர் காட்டப்பட்டது. 2020இன் இறுதி அறிவிக்கையில் அது சுமார் 169 ஆகச் சுருங்கியது. நூறு சதுர கிலோமீட்டர் காகிதத்திலிருந்து போயிற்று. 2025 மே மாதத்தில் ராமநகர மாவட்டத்தின் பெயரைப் 'பெங்களூரு தெற்கு' என மாற்றக் கர்நாடக அமைச்சரவை முடிவெடுத்தது. பெயரளவில் பார்த்தால் ராமதேவர பெட்டாவின் கரடிகள் இப்போது பெங்களூர்வாசிகள். அவை ஓர் அடிகூட நகரவில்லை.

சிறுத்தை பெங்களூரின் பள்ளி வளாகத்துக்குள் வந்தது, 2016இல் நாடே பார்த்தது. கரடியோ நகரின் நடுவே வருவதில்லை. தும்கூர், ராமநகரப் பகுதிகளின் நிலக்கடலை வயலுக்கும் மக்காச்சோளத்துக்கும் பலாத் தோப்புக்கும் வருகிறது. ஆகவே அதன் விலையைக் கொடுப்பவர் நகரத்துக்காரர் அல்லர். விடியுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சப் போகும் விவசாயி, விறகு பொறுக்கும் பெண், ஆடு மேய்ப்பவர், கழிப்பறை இல்லாமல் புதர்பக்கம் ஒதுங்கியவர். கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை குறைவு. தீனியில் மூழ்கிவிட்டால் ஆள் வரும் ஓசையும் அதற்கு எட்டுவதில்லை. மிக அருகில் வந்த பிறகே உணர்ந்து திடுக்கிடும். புலியோடு காட்டைப் பகிர்ந்து வளர்ந்த இனம் ஆதலால் ஓடுவதைவிட எதிர்த்துப் பாய்வதே அதன் இயல்பு என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். குட்டிகளை முதுகில் சுமக்கும் தாயிடம் இது இன்னும் கடுமை. தின்பதற்காக அது மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் தாக்குண்டவர் பிழைத்தாலும் கண், மூக்கு, தாடை பழையபடி இருப்பதில்லை. இறந்தவருக்கான இழப்பீடு செய்தியாகிறது. முகம் இழந்து வாழ்பவருக்கு மணவாழ்வும் கூலிவேலையும் என்னவாகின்றன என்பதைப் பதிவு செய்தவர்கள் மிகக் குறைவு. கரடியின் மீது பாசம் காட்டும் நகரத்து எழுத்து இந்த இடத்தில் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறது.

செய்தித்தாளின் தமிழையும் கவனிக்க வேண்டும். 'ஊருக்குள் புகுந்த கரடி', 'கரடி அட்டகாசம்', 'கரடி நடமாட்டத்தால் பீதி' ஆகியவை நீலகிரிச் செய்திகளில் ஆண்டு முழுதும் வரும் தலைப்புகள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் கரடி தேயிலைத் தோட்டம் கடந்து குடியிருப்புக்கும் கடைகளுக்கும் வருவது வழக்கமாகிவிட்டது. கோயில் கதவை உடைத்து விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் உண்டு. எல்லாவற்றிலும் கரடியே எழுவாய், 'புகு' என்பதே வினை. அகப்பாட்டில் வழியில் நடந்தவன் மனிதன் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

'சிவபூசையில் கரடி புகுந்தாற்போல' என்ற பழமொழி தமிழர் அனைவரும் அறிந்தது. கரடிக்கும் சிவபூசைக்கும் என்ன தொடர்பு என்று வியந்த அறிஞர்கள், இங்கே கரடி என்பது விலங்கன்று, 'கரடிகை' என்னும் தோற்கருவி என்று விளக்கம் தந்தார்கள். கருவி உண்மையானதே. கரடிகை இடைக்காலத் தமிழ் நூல்களில் வருகிறது. வட கர்நாடகத்தில் 'கரடி மஜலு' என்ற மேளக் கலை இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயினும் விளக்கம் வினைச்சொல்லில் இடறுகிறது. கருவி ஒலிக்கும், முழங்கும், அதிரும். புகுவது விலங்குதான். கன்னடத்திலும் இதே பழமொழி உண்டு. அங்கே 'சிவபூஜெயல்லி கரடி பிட்ட ஹாகெ' என்பார்கள், அதாவது கரடியை அவிழ்த்து விட்டாற்போல. அவிழ்த்து விடப்படுவதும் மேளமன்று. இருமொழியிலும் வினை விலங்கைச் சுட்டும்போது, எண்ணெய் விளக்கெரியும் குன்றுக்கோயிலைக் கரடி தேடி வருவதை இன்றும் காணும்போது, மேளம்வரை போகத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. பழமொழியை உண்டாக்கியவர்கள் கண்டதைச் சொல்லியிருக்கலாம். நகரத்தில் அமர்ந்து உரை எழுதியவர்களுக்குத்தான் அது நம்ப முடியாததாயிற்று. பேச்சுத்தமிழில் நம்ப முடியாததைச் சொல்வதைக் 'கரடி விடுதல்' என்பது இவ்விடத்தில் ஒரு வேடிக்கை.

தரோஜியில் வேறு வகையான ஓர் ஏற்பாடு நடக்கிறது. 1994இல் கரடிகளுக்கென்றே அறிவிக்கப்பட்ட அச்சரணாலயம் சுமார் 83 சதுர கிலோமீட்டர். கரடிக்கல்லு குட்டாவின் பாறைகளில் வெல்லம் கலந்த தீனியை வனப் பணியாளர்கள் பகலில் தடவி வைக்க, மாலையில் கரடிகள் குட்டிகளோடு வந்து நக்குகின்றன, பயணிகள் படம் எடுக்கிறார்கள். காட்டுக் கரடிக்குத் தீனி வைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தீனியின் பழக்கம் மனிதனிடத்துக் கூச்சத்தைக் குறைக்கும் என்பது ஒரு தரப்பு. கடலை வயலுக்குப் போகாமல் பாறையிலேயே நிறுத்தி வைக்கிறது என்பது மறு தரப்பு. சரணாலயத்தின் விளிம்பில் வயல் வைத்திருப்பவர்களின் கணக்கைக் கேட்காமல் இதில் தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

பன்னேருகட்டா மையத்திலோ, மீட்கப்பட்ட கரடிகள் வேலிக்குள் முதுமையைக் கழிக்கின்றன. பல் பிடுங்கப்பட்டவற்றைக் காட்டில் விட முடியாது. மூக்கின்மேல் கயிற்றுத் தழும்பு இருக்கிறது. காலையில் கஞ்சியும் பின்னர் பழமும் தேனும் தருகிறார்கள். வேலிக்கு அப்பால் அதே காடு தொடர்கிறது, கரடிக்கல் வரை, அதையும் தாண்டித் தளி வழியாகத் தமிழ்நாட்டுக் காடு வரை. அந்தப் பக்கத்துக் கரடிகள் இன்னும் இரவில்தான் இறங்குகின்றன.